விளக்கெண்ணெயும் வெள்ளை மாத்திரையும்

எவர்சில்வர் பட்டறையில் அன்னக்கொடி வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருஷத்தில் அவள் அங்கே பேசியதை எல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், அதிலும் பாதி இடம் மிஞ்சும். காலையில் வந்ததும் தலையை ஆட்டுவாள். சாயங்காலம் கிளம்பும்போது "வாரேன்" என்பாள். அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

சொந்த ஊர் எழுமலை. ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது புதிதாக வந்த வாத்தியார் அவளை எழுந்து நின்று பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க வாயைத் திறப்பது வேறு விஷயம். மணி அடிக்கும் வரை நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகாமல் பருத்தி எடுக்கப் போனாள். பருத்திச் செடி யாரையும் எழுந்து நின்று ஒப்பிக்கச் சொல்வதில்லை.

கல்யாணமாகி மதுரைக்கு வந்தாள். கணவன் நல்லகாமனுக்குச் சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிவரும் லாரியில் சுமை இறக்குகிற வேலை. அவன் இரண்டு ஆள் பேச்சை ஒருவனே பேசக்கூடியவன். வீட்டில் அவள் பங்கையும் அவனே பேசிவிட்டதால் குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது.

பட்டறை செல்லூரில் இருந்தது. வெள்ளைத்துரை முதலாளி. அன்னக்கொடி ஒருத்திதான் அங்கே பெண், மற்ற பதினொரு பேரும் ஆண்கள். அவள் வேலை எண்ணெய் தடவுவது. வட்டமாக வெட்டிய தகட்டை எடுத்து, டின்னில் இருக்கும் விளக்கெண்ணெயில் துணியை முக்கி, இரண்டு பக்கமும் தடவி, பிரஸ்காரர் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால்தான் தகடு வழுக்கிக்கொண்டு அச்சுக்குள் இறங்கிப் பாத்திரமாகும். இல்லாவிட்டால் அச்சு தகட்டைக் கவ்விக் கிழித்துவிடும். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை ஒரு வார்த்தை பேசத் தேவையில்லாத வேலை. மதுரையில் அப்படிப்பட்ட வேலை அது ஒன்றுதான் என்று அவள் நிச்சயமாக நம்பினாள். காய்கறி விற்றால் கூவ வேண்டும். வீட்டு வேலைக்குப் போனால் அந்த வீட்டு அம்மாவோடு பேச வேண்டும். பூக் கட்டலாம் என்றால் விற்கிறவளோடு பேரம் பேச வேண்டும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ளிவிட்டுத்தான் எண்ணெய் டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் கோயமுத்தூரிலிருந்து ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று வந்து இறங்கியது. அதற்கு முன்னால் இருந்தது கைப்பிரஸ். மேலே இரண்டு இரும்புக் குண்டு மாட்டிய தண்டை இரண்டு பேர் சுழற்றிவிட்டால் தொம்மென்று இறங்கும், கூரை ஓடு ஆடும். மாவு போட்டு வைக்கிற சம்படம் ஒன்று செய்ய நாலு அடி அடித்து, நடுநடுவே நெருப்பில் காட்டித் தகட்டை இளக்க வேண்டும். புதிய பிரஸ் அதே சம்படத்தை ஒரே இழுப்பில் இழுத்துவிடும். சத்தமும் கிடையாது, உஸ்ஸென்று ஒரு மூச்சுதான். பழக்கதோஷத்தில் பட்டறை ஆட்கள் ஒரு வாரம் வரை ஒருவரை ஒருவர் கத்திக் கத்தியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கள் குரல் தங்களுக்கே கேட்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டுத் தணித்துக்கொண்டார்கள்.

எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. பத்துச் சம்படம் இழுத்தால் மூன்று அடிப்பக்கத்தில் கிழிந்தது. இழுக்கும்போதே டப்பென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் முதலாளி எங்கே இருந்தாலும் வந்துவிடுவார், கக்கூஸில் இருந்தால்கூட.

கோயமுத்தூர்க்காரர் வந்து பார்த்தார். மிஷின்மேல் குற்றம் இல்லை என்றார், அது அவர் விற்ற மிஷின். பிரஸ் ஓட்டுகிற ஆசீர்வாதத்தின்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் இருபது வருஷத்துக் கை. தகட்டைக் குறை சொல்லலாம் என்றால் அதை வாங்கியது முதலாளியின் மச்சினன். மிச்சம் இருந்தது எண்ணெய்.

"கையில தடவுனா ஒரு எடத்துல கூடும், ஒரு எடத்துல குறையும்" என்றார் கோயமுத்தூர்க்காரர். "எண்ணெய் பீச்சுற கருவி ஒண்ணு இருக்கு. பங்குனி மொதத் தேதி கொண்டாந்து மாட்டித் தாரேன். ஆளே வேணாம்."

அன்னக்கொடி மூன்று அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று அந்தப் பட்டறையில் பொதுவாக ஒரு நினைப்பு. அவள் அடுத்த தகட்டை எடுத்துத் தடவினாள். பங்குனிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அந்த வாரம்தான் டாக்டர் விஸ்வேஸ்வரன் வந்தார். இரும்புச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்க்கிறவர்களுக்கு ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது, புதிய மாத்திரை ஒன்று அதைக் குறைக்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறாராம். கூடவே ஸ்யாமளா என்று ஒரு உதவியாளர், கண்ணாடி போட்ட பெண். முதலாளி மறுப்புச் சொல்லவில்லை. டாக்டர் பாத்திரத்துக்கு நல்ல வாடிக்கைக்காரர் ஆகலாம் என்று அவருக்கு ஒரு கணக்கு.

பன்னிரண்டு பேருக்கும் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் பிரஷர் இருந்தது. டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவர் ஒன்றை யோசிக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் காரில் வந்து இறங்கி, பெயரைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்வது அந்த ஆட்களுக்கு வழக்கமாகப் போலீஸ் ஸ்டேஷனில் நடக்கிற காரியம். எல்லாரையும்விட அதிகம் காட்டியது அன்னக்கொடிக்கு. அவள் கையை அந்நிய ஆண் ஒருவர் பிடித்தது அதுதான் முதல் தடவை. குழாயில் பாதரசம் ஏறியதைப் பார்த்து டாக்டர் பட்டைக்கு இரண்டு முறை காற்றடித்துப் பார்த்தார்.

பிறகு பெயர் ஒட்டிய பன்னிரண்டு பாட்டில்களை அடுக்கிவைத்து டாக்டர் விளக்கம் சொன்னார். ஆளுக்கு வேளைக்கு இரண்டு மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை. பாதிப் பேருக்கு மருந்து உள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரை. எது யாருக்கு என்பது யாருக்கும் தெரியாது, தனக்கே தெரியாது, வேறொரு ஆபீஸில் பூட்டிவைத்திருக்கிறது என்றார்.

மெருகு போடுகிற சின்னான் கையைத் தூக்கினான். அவனுக்கு வாய் நீளம். "ஏன் டாக்டரய்யா, குடுக்குற ஒங்களுக்கே தெரியாதுன்னா, நாங்க என்னத்த நம்பி முழுங்குறது?"

இதுதான் விஞ்ஞானம் என்றார் டாக்டர். சின்னான் பக்கத்தில் இருந்தவனிடம், "தெரியாததுக்கு இம்புட்டுப் பெரிய பேரா மாப்ள" என்று கேட்டான்.

யார் யாருக்குக் கொடுத்தது என்று குறிக்க ஒரு நோட்டு இருந்தது. எதிர்த்துப் பேசாத ஆளாகப் பார்த்து டாக்டர் அதை அன்னக்கொடியிடம் ஒப்படைத்தார்.

வேறு ஆபீஸில் பூட்டிவைத்த ரகசியம் செல்லூர்ப் பட்டறையில் இரண்டே நாளில் வெளியாகிவிட்டது. மருந்து மாத்திரை உடம்பில் இருக்கிற நீரை வெளியேற்றுகிற வகை. யார் யார் கொல்லைப்பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். இரண்டாம் நாள் மத்தியானம் சின்னான் சாக்கட்டியால் மெருகுச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் இரண்டு கட்சியையும் எழுதிவிட்டான். ஓடுகிற கட்சியில் ஆறு பேர், உட்கார்ந்திருக்கிற கட்சியில் ஆறு பேர்.

ஓடுகிற கட்சியில் அன்னக்கொடியும் இருந்தாள். பதினொரு ஆண்கள் பார்க்க நாளுக்கு எட்டுத் தடவை எழுந்து கொல்லைக்குப் போவதை நினைத்தாலே அவளுக்கு உயிர் போனது. மூன்றாம் நாள் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். எறியலாம் என்றால் வெள்ளை மாத்திரை எங்கே விழுந்தாலும் தெரியும். பக்கத்தில் எண்ணெய் டின் இருந்தது. உள்ளே விட்டாள். சத்தமில்லாமல் முழுகியது.

அதைச் சின்னான் பார்த்துவிட்டான். காட்டிக்கொடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் தன் இரண்டு மாத்திரையையும் கொண்டுவந்து அதே டின்னில் போட்டான்.

"எனக்கு வெறும் மாவக் குடுத்திருக்காங்க மதினி" என்றான் மனத்தாங்கலாக. "என்னைய என்ன கேனப்பயன்னு நெனச்சாங்களா? குடுத்தா எல்லாருக்கும் மருந்தக் குடுக்கணும்."

ஒரு வாரத்துக்குள் எல்லாரும் டின்னுக்கு வந்துவிட்டார்கள். ஓடுகிற கட்சி ஓட முடியாமல் போட்டது. உட்கார்ந்திருக்கிற கட்சி அவமானம் தாங்காமல் போட்டது. அன்னக்கொடி நோட்டில் மட்டும் தவறாமல் குறி போட்டாள். அதில் அவள் மனசாட்சி சுத்தமாக இருந்தது. நோட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. விழுங்கியதற்கு டாக்டர் கட்டம் போடவில்லை.

ஆசீர்வாதம் ஒருவர்தான் ஒழுங்காக விழுங்கினார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு முதல் ஆளாகப் போகிறவர், டாக்டர் கொடுத்ததையும் அதே பயபக்தியோடு வாங்குவார். கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு விழுங்குவார். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு நல்ல தூக்கம் வந்தது, பசி எடுத்தது, எப்போதோ சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் வலி போய்விட்டது. முதல் வேளைக்கு மட்டும் லேசாகத் தலைசுற்றல், அது வீரியமான மருந்து என்பதற்கு அடையாளம் என்றார். அவர் பெயர் சுவரில் உட்கார்ந்திருக்கிற கட்சியில் இருந்தது. சின்னான் அவருக்கு அதைக் காட்டவில்லை. சந்தோஷமாக இருக்கிற மனுஷனை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று மெருகுச் சக்கரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாவது வாரத்தில் கிழிசல் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் நின்றே போயிற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு டப் கிடையாது. முதலாளி, கோயமுத்தூர்க்காரர் ஏதோ திருகாணியைத் திருகிவிட்டுப் போனது இப்போதுதான் வேலை செய்கிறது என்றார். ஆசீர்வாதம், மாத்திரையால் தன் கை நிதானப்பட்டுவிட்டது என்றார்.

அன்னக்கொடி டின்னைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. ஆளுக்கு ஆறு என்று பதினொரு பேர் மாத்திரையும் தினமும் அதில் ஊறிக் கரைந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மாவு அடியில் தங்கி, மேலே எண்ணெய் தெளிந்திருக்கும். ஒருநாள் அப்படித் தெளிந்த எண்ணெயைத் தடவிக் கொடுத்துப் பார்த்தாள். நாலாவது தகடு டப்பென்றது. குச்சியால் அடிவரை கலக்கிவிட்டுத் தடவினாள். கிழியவில்லை. மறுநாளும் அப்படியே செய்து பார்த்தாள், அதற்கு மறுநாளும். ஆசீர்வாதம் தன் கை நிதானத்தில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கெல்லாம் கூட ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மாத்திரை விழுங்கினார்.

மாவுதான் தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவே நின்று காப்பாற்றுகிறது. எண்ணெய் மட்டும் இருந்தால் அந்தப் பிரஸ்ஸின் அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடுகிறது. இது அந்தப் பட்டறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சொன்னால் பதினொரு பேர் மருந்தை வாங்கி எண்ணெயில் கரைத்த கதையையும் சொல்ல வேண்டும். டாக்டர் என்ன சொல்வாரோ, முதலாளி என்ன சொல்வாரோ. சொல்லாவிட்டால் பங்குனி முதல் தேதி கருவி வந்துவிடும். மிஷின் சரியாகிவிட்டதே, கருவி வேண்டாம் என்று முதலாளி சொல்லுவார் என எதிர்பார்த்தாள். அவரோ, எல்லாம் கூடி வருகிற நேரத்தில் அதையும் மாட்டிவிடலாம் என்று கோயமுத்தூருக்குத் தந்தி கொடுத்துவிட்டார்.

வீட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தாள். "மொதலாளி, எண்ணெயில ஒரு சமாச்சாரம்" என்பது வரை வந்தது. அதற்குமேல் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். நல்லகாமன் கேட்டுவிட்டு, யாரிடம் என்ன சொல்ல வேண்டும், சொல், நான் வந்து பேசுகிறேன் என்றான். அவன் வந்தால் சோழவந்தானில் ஆரம்பித்து, வெற்றிலை விலை, லாரி டயர் எல்லாம் பேசி, எண்ணெய்க்கு வர இரண்டு நாள் ஆகும். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

பங்குனி முதல் தேதி எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. காலையில் டாக்டர் கடைசி அளவு எடுக்க வந்தார். அவர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கோயமுத்தூர்க்காரர் கருவியோடு வந்தார். பார்க்கப் பூச்சி மருந்து அடிக்கிற டப்பா மாதிரி, ரப்பர் குழாயும் பித்தளை மூக்கும் வைத்தது. பழைய டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, புது விளக்கெண்ணெயை வடிகட்டி ஊற்றினார். அன்னக்கொடியைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் உட்கார்ந்த இடம்.

டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே முதலாளியிடம் வந்தார். "அதிசயமா இருக்கு சார். பன்னெண்டு பேர்ல பதினோரு பேருக்குப் பிரஷர் எறங்கியிருக்கு. பாதிப் பேருக்கு மாவு மாத்திரைதானே, அவாளுக்கும் சேத்து எறங்கியிருக்கு. இதை எழுதினா பெரிய விஷயம்."

"மருந்து நல்ல மருந்துங்கய்யா" என்றார் முதலாளி. ஆசீர்வாதம் முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டினார்.

கருவி அழகாகப் பீச்சியது. தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. பிரஸ் உஸ்ஸென்று இறங்கியது.

டப்.

பரவாயில்லை, முதல் தகடு என்றார் கோயமுத்தூர்க்காரர். இரண்டாவது இறங்கியது. டப். மூக்கைத் திருகிவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டிப் பீச்சினார். மூன்றாவதும் டப். முதலாளி முகம் கறுத்தது. ஆசீர்வாதம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

நாலாவது தகட்டை எடுத்தபோதுதான் பின்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று பட்டறையில் யாருக்கும் உடனே பிடிபடவில்லை.

"எண்ணெய்க்குள்ள மாத்திரை இல்லைல, அதான் கிழியுது."

எல்லாரும் திரும்பினார்கள். அன்னக்கொடி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பார்வை தரையில் இருந்தது.

"என்ன மாத்திரை?" என்றார் முதலாளி.

"டாக்டரய்யா மாத்திரை."

டாக்டர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. "யாரோட மாத்திரை?"

"எல்லாரோடதும்தான். ஆசீர்வாதம் அண்ணனது மட்டும் இல்ல. அவரு முழுங்கிட்டாரு."

மற்ற பத்துப் பேரும் அவரவர் வேலையில் திடீரென்று மும்முரமானார்கள். சின்னான் ஓடாத சக்கரத்தில் ஒரு மூடியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அன்னக்கொடி குனிந்தாள். பழைய டின்னைக் கால்மாட்டிலிருந்து எடுத்து, குச்சியால் அடிவரை கலக்கி, ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் தடவி ஆசீர்வாதத்திடம் நீட்டினாள். பிரஸ் இறங்கியது. உஸ். சம்படம் முழுசாக வெளியே வந்தது. இன்னொன்று. அதுவும் முழுசாக வந்தது. ஐந்து இழுத்தார்கள், ஐந்தும் பழுதில்லை.

டாக்டர் ஒரு கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வார ஆராய்ச்சி மோர் நிறத்தில் அவர் எதிரே இருந்தது. முதலில் இந்தப் பாத்திரத்தை எல்லாம் நன்றாகக் கழுவுகிறீர்களா என்று கேட்டார். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் மூன்று தண்ணி என்றார் முதலாளி. பிறகு, மருந்தே சாப்பிடாமல் எப்படி எல்லாருக்கும் பிரஷர் இறங்கியது என்று மேலே கூரையைப் பார்த்துக் கேட்டார்.

ஸ்யாமளா மெதுவாகச் சொன்னாள். "சார், மொத தடவை எல்லாரும் நம்மளைப் பாத்துப் பயந்துண்டு இருந்தா. இப்போ பழகிட்டா. தவிர, கொஞ்ச நாளா அந்த டப் சத்தமும் இல்லையே."

அதைப் பற்றியும் எழுதலாம் என்று டாக்டருக்குத் தோன்றியிருக்க வேண்டும், பேனா கொஞ்சம் அசைந்தது. முழுசாக மாத்திரை சாப்பிட்ட ஒரே ஆளான ஆசீர்வாதத்தை அருகே கூப்பிட்டு மறுபடியும் அளந்தார். பதினொரு பேருக்கு இறங்கியிருந்தது, அவருக்கு மட்டும் துளி ஏறியிருந்தது. சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டது மாவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஆசீர்வாதம் நம்பவில்லை. அந்த ஆபீஸ்காரர்கள் பாட்டிலை மாற்றி ஒட்டியிருப்பார்கள், முழங்காலுக்குத் தெரியாதா என்றார்.

முதலாளி இவ்வளவு நேரமும் டின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டரய்யா, இந்த ஆராய்ச்சிய இன்னும் ஒரு ஆறு மாசம் நடத்தக் கூடாதா?"

"எதுக்கு?"

"மாத்திரை வேணும்ல."

டாக்டருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அண்டாவிலிருந்து விழாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்து என்பது அதில் எள்ளளவுதான், மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல் மாவும் பவுடர் டப்பாவில் இருக்கிற மாதிரி வழுவழுப்பான மாவும், மருந்துச் சாமான் கடையில் மூட்டையாகவே கிடைக்கும் என்றார். முதலாளி உடனே ஆளை அனுப்பினார்.

மத்தியானம் இரண்டு மாவும் மூட்டையாக வந்தன. புது எண்ணெயில் முதலாளியே இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கித் தடவினார். டப். கஞ்சி மாதிரிக் கெட்டியாகிவிட்டது. இன்னும் எண்ணெய் ஊற்றினார். டப். தண்ணியாகிவிட்டது. அன்னக்கொடி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு மாவையும் தனித்தனியே விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அதில் கொஞ்சம், இதில் கொஞ்சம் போட்டுக் கலக்கி, குச்சியைத் தூக்கி எண்ணெய் இறங்குகிற வேகத்தைப் பார்த்தாள். மறுபடி ஒரு சிட்டிகை போட்டாள். பிறகு தடவினாள். சாயங்காலம் ஆறு மணி வரை பட்டறையில் டப் சத்தம் கேட்கவில்லை.

நடுவில் அந்த எண்ணெயைக் கருவியில் ஊற்றிப் பார்க்கலாம் என்று முயற்சி நடந்தது. இரண்டு முறை பீச்சியதும் பித்தளை மூக்கு அடைத்துக்கொண்டது. குத்திவிட்டால் கோயமுத்தூர்க்காரர் சட்டையில் அடித்தது. முதலாளி கருவியை வண்டியில் ஏற்றச் சொன்னார். அன்னக்கொடி தன் பழைய இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

கோயமுத்தூர்க்காரர் போகிற வழியில் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் மிஷின் விற்ற ஊர்களில் எல்லாம் கிழிசல் இருந்ததாம். எத்தனை படி எண்ணெய்க்கு எத்தனை கை மாவு, எது எவ்வளவு என்று கேட்டார். அன்னக்கொடி அடுத்த தகட்டை எடுத்தாள். காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்கக் கேட்டார். அவள் தகட்டைத் திருப்பி மறுபக்கம் தடவினாள். பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மூன்றாவது தடவையாகத் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டார். அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

மெருகுச் சக்கரத்திலிருந்து சின்னான் குரல் கொடுத்தான்.

"அது அப்படித்தான் சார். ரொம்பக் கூச்சம்."